கிடா முட்டிய நாற்பதாம் நாள்

என்னை ஒரு கிடா முட்டிவிட்டது. இந்த நாலு சொல்லை வாய் திறந்து சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நாற்பது நாள் இருந்தேன். இன்னும் நாலு நாள் வெட்கப்பட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

வண்ணார்பேட்டையில் பஸ் போகிற ரோட்டில் எனக்கு ஒரு பைக்கடை. பள்ளிக்கூடப் பை, சக்கரம் வைத்த பெட்டி, கல்லூரிப் பிள்ளைகள் தோளில் மாட்டுகிற பை, எல்லாம் விற்கிறேன். அதற்கு முன்னால் பதினாறு வருஷம் சவூதியில் சாமான் அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியில் வேலை. அங்கே இருந்து திரும்பும்போது இரண்டு பெட்டிச் சாமானோடு ஒரு கெட்ட பழக்கத்தையும் கொண்டுவந்துவிட்டேன். யார் எதைப் பற்றிப் பேசினாலும், "சவூதியில நாங்க இருந்தப்பம்..." என்று ஆரம்பிப்பேன். வெயில் என்றால் அங்கத்திய வெயில். ரோடு என்றால் அங்கத்திய ரோடு. ஆடு மாடு பற்றிப் பேச்சு வந்தால் ஒட்டகம். உண்மையில் அந்தப் பதினாறு வருஷத்தில் நான் ஒட்டகத்தைத் தொட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் அது படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது, பின்பக்கமாகப் போய், ஒற்றை விரலால்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது என் மச்சினன் சந்தையில் ஒரு செம்மறிக் கிடா வாங்கினான். மச்சினன் என் மனைவியின் தம்பி. மேலப்பாளையத்தில் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை வைத்திருக்கிறான். அவன் வீட்டில் ஆடு கட்ட இடம் கிடையாது என்பதால் பெருநாள் வரைக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கட்டும் என்று லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். கிடா என்றால் கிடா. கொம்பு இரண்டும் காதைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போயிருந்தன. நெற்றி மட்டும் ஒரு செங்கல் அகலம். ஆளை ஏற இறங்கப் பார்க்கிற பார்வையில் ஒரு வட்டாட்சியர் மிடுக்கு.

கயிற்றைக் கட்டிவிட்டு மச்சினன் சொன்னான்: "மச்சான், நீங்க பக்கத்துல போவாதீங்க. முட்டுத கெடா இது. சந்தையிலயே ஒருத்தரத் தள்ளிப் போட்டுட்டு."

"ஏலே, ஒட்டகத்தோட பொழங்குனவன்ட்ட வந்து கெடாயப் பத்திச் சொல்லுதியா? போ, போய் ஒன் டயரப் பாரு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், கிடாவைப் பார்த்தான், போய்விட்டான்.

மறுநாள் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்து, ஒரு கட்டு அகத்திக்கீரையோடு கொல்லைக்குப் போனேன். மனைவி அடுக்களையில் இருந்தாள். மகள் கல்லூரியிலிருந்து இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிடா கயிற்றை இழுக்காமல் அமைதியாக நின்றது. நான் கிட்டே போகப் போக அது நாலைந்து அடி பின்னால் போனது. இது மரியாதை, நம்மைக் கண்டு ஒதுங்குகிறது என்று எடுத்துக்கொண்டேன். கிடா பின்னால் போவது முன்னால் வருவதற்குத்தான் என்பதை அதற்கப்புறம் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு விநாடி ஆயிற்று.

நெஞ்செலும்புக்குக் கொஞ்சம் இடது பக்கம் அடி. துணி ஊறவைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் வாளிக்குள் உட்கார்ந்த நிலையில் போய் விழுந்தேன். மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை. கண்ணுக்கு முன்னால் வேப்பமரமும் சுவரும் கொஞ்ச நேரம் மங்கலாகி, பிறகு தெளிந்தன. தெளிந்ததும் நான் முதலில் பார்த்தது கிடாவை அல்ல. சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொன்னேன். கிடா அகத்திக்கீரையைத் தின்ன ஆரம்பித்திருந்தது.

சட்டையும் கைலியும் சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே போனதும் மனைவி, "என்னங்க இது?" என்றாள்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்."

"சட்டையோடயா?"

"சட்டையோடதான். எல்லாரும் சட்டையக் கழத்திட்டா வழுக்குதாங்க?"

அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் வந்த மச்சினனிடம், கடை ஷட்டர் கைப்பிடி நெஞ்சில் இடித்துவிட்டது என்றேன். மனைவியிடம் சொன்னது அப்போது ஞாபகத்தில் இல்லை. "ஷட்டரா மச்சான்? கவனமா இருங்க" என்றவன், திடீரென்று இருமல் வந்ததுபோல் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து, போகும்போது சுக்குக் காப்பி குடிக்கச் சொல்லி அனுப்பினேன். பக்கத்துக் கடை அண்ணாச்சி, கேஸ் அடுப்பு பழுது பார்க்கிறவர், அவரிடம் டவுண் பஸ்ஸில் திடீர் பிரேக், கம்பியில் மோதிவிட்டேன் என்றேன். ஆளுக்கு ஒரு பொய். எல்லாரும் நம்பிவிட்டார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நெஞ்சில் ஒரு சாண் அகலத்துக்குக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. "ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்துருவமே" என்று மனைவி இரண்டு மூன்று நாள் சொன்னாள். படம் எடுக்கப் போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். மூன்று பொய்யில் எதைச் சொல்வது என்று எனக்கே குழப்பம். வேண்டாம் என்றுவிட்டு, மருந்துக் கடையில் வலிக்கு அடிக்கிற ஸ்பிரே வாங்கி அடித்தேன். கொல்லைப் பக்கமே போகவில்லை. கிடாவும் நானும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகள் மாதிரி ஒரு வாரம் இருந்தோம். பெருநாள் வந்தது. கிடாவை அறுத்துக் குர்பானி கொடுத்தோம், பங்கு வைத்தோம், எங்கள் பங்கில் பிரியாணி ஆயிற்று. மனதில் ஒன்றும் வைக்காமல் சாப்பிட்டேன் என்று சொன்னால் அது நாலாவது பொய். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குள் கன்றல் மஞ்சளாகி மறைந்துவிட்டது. வலியும் போயிற்று. விஷயம் முடிந்தது என்று இருந்தேன்.

முட்டி ஒரு மாதம் ஆகிற சமயத்தில் சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுட்டது. நெஞ்சு வலி திரும்ப வந்தது. ஆனால் இது வேறு வலி. மூச்சை இழுத்தால் கத்தி கீறுவது மாதிரி. இடது தோளிலும் கழுத்தடியிலும் ஒரு பிடிப்பு. படுத்தால் வலி கூடியது, எழுந்து உட்கார்ந்தால் குறைந்தது, முன்னால் குனிந்தால் இன்னும் குறைந்தது. அடிபட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கணக்குத்தான் பெருநாளோடு முடிந்துவிட்டதே.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"என்னவே பாய், மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

"நெஞ்சுல பிடிச்சாப்புல இருக்கு அண்ணாச்சி."

"எங்கன? இங்கனயா? அப்பம் வாயுதான். மொச்ச தின்னீரா?"

"இல்ல."

"பட்டாணி?"

"இல்ல அண்ணாச்சி."

"ஒண்ணுமே திங்காமலும் வாயு வரும்வே. வெறும் வயித்துல வாரதுதான் பொல்லாத வாயு."

தின்றாலும் வாயு, தின்னாவிட்டாலும் வாயு என்று ஆனபிறகு தப்பிக்க வழியில்லை. பெருங்காயத்தை மோரில் கரைத்துக் கொடுத்தார். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, சோடா என்று நாலு நாள் வைத்தியம் நடந்தது. நான் ஏப்பம் விடும்போதெல்லாம் அவர் தன் கடையில் இருந்தபடியே, "ஆங், போகுது, போகுது" என்று உற்சாகப்படுத்துவார். கடைக்கு வந்த ஒரு அம்மா பயந்துபோய்ப் பை வாங்காமலே போய்விட்டாள். ஏப்பம் போயிற்று, வலி போகவில்லை. மத்தியானம் கடையில் அசதியாக இருந்தால், பெரிய டிராலிப் பெட்டி ஒன்றை மடிக்கு முன்னால் நிறுத்தி, அதன்மேல் இரண்டு கையையும் மடக்கித் தலையைச் சாய்த்துக்கொள்வேன். அப்போதுதான் கொஞ்சம் நிம்மதி.

இதைவிடப் பெரிய நிம்மதி பள்ளிவாசலில் கிடைத்தது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துக் குனிகிற சஜ்தா இருக்கிறதே, அந்த நிலைக்குப் போனதும் நெஞ்சை யாரோ பிடியிலிருந்து விட்டதுபோல் இருந்தது. மூச்சு தாராளமாக வந்தது. எல்லாரோடும் சேர்ந்து ஜமாஅத்தாகத் தொழும்போது இமாம் எழுந்தால் நாமும் எழுந்தாக வேண்டும். அதனால் ஜமாஅத் முடிந்தபிறகு ஒரு தூணோரம் போய்த் தனியாகத் தொழ ஆரம்பித்தேன். சஜ்தாவுக்குப் போனால் எழ மனசே வராது. பத்து நிமிஷம், கால் மணி நேரம் என்று அப்படியே கிடப்பேன். ஒருநாள் லேசாகத் தூங்கியும்விட்டேன்.

நாலைந்து நாளில் தெருவில் என்னைப் பார்க்கிற பார்வை மாறியது. முன்னால் என்னைக் கண்டால், 'ஒட்டகம் வருது' என்று சிரிக்கிற ஆட்கள் எழுந்து நின்று சலாம் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஹஜ்ரத்தே என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பள்ளிவாசல் இமாமை ஹஜ்ரத் என்றுதான் சொல்வோம். "பாய், நீங்க சஜ்தாவுல கெடக்குதத நானும் பாக்குதேன். அப்படி ஒரு உருக்கம் எல்லாருக்கும் வாய்க்காது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நானும் கலங்கினேன். எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இல்லை ஹஜ்ரத், அது வாயு என்று சொல்ல நினைத்தேன். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அதற்கும் சேர்த்துப் பாராட்டினார்கள். நிர்வாகக் கமிட்டியில் என்னைச் சேர்க்க வேண்டும் என்று பேச்சு நடப்பதாக மச்சினன் வந்து சொன்னான்.

என் மனைவிதான் மயங்கவில்லை. "வீட்டுல தொழுதா இம்புட்டு நேரம் ஆவாதே ஒங்களுக்கு? மேலுக்கு என்ன செய்யுது, உள்ளதச் சொல்லுங்க" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

முட்டிய நாற்பதாம் நாள் மத்தியானம், மேல் பலகையில் இருந்த ஒரு பையை எடுக்க மூன்று படி ஸ்டூலில் ஏறினேன். இரண்டாவது படியிலேயே மூச்சு நின்றுபோன மாதிரி ஆயிற்று. வியர்த்துக் கொட்டியது. கால் இரண்டும் காலையிலிருந்தே செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. மெல்ல இறங்கிக் கல்லாவில் சாய்ந்தவன், பள்ளிக்கூடப் பைகள் மேல் சரிந்துவிட்டேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்தவர் கையிலிருந்த பர்னரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"வே பாய்! பாய்! கண்ணத் தொறயும்வே! இது வாயு இல்லவே!"

நாலு நாள் வைத்தியத்தை அவர் ஒரே வார்த்தையில் வாபஸ் வாங்கிக்கொண்டது அந்த நிலைமையிலும் எனக்குக் கேட்டது. ஆட்டோ பிடித்து, என்னைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் என் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தார். நான் படுக்காமல் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்ததால் ஆட்டோக்காரர் நான் அழுகிறேன் என்று நினைத்து, "ஒண்ணும் ஆவாது பாய், அழாதீங்க" என்று திரும்பித் திரும்பிச் சொன்னார்.

இதய டாக்டர் ஒரு சின்ன வயது அம்மா. நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊர் என்று பிறகு தெரிந்தது. இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. கழுத்து நரம்பைப் பார்த்தார், கால் வீக்கத்தில் விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு நெஞ்சில் களிம்பு தடவி எக்கோ எடுத்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அதற்குள் மனைவியும் மகளும் வந்து என் பக்கத்தில் நின்றார்கள்.

"இதயத்தச் சுத்தி நெறையத் தண்ணி கோத்திருக்கு. ஏன் கோத்திருக்குன்னு கண்டுபிடிக்கணும். காசநோய் யாருக்கும் வீட்ல இருந்திருக்கா?"

"இல்ல மேடம்."

"தைராய்டு? சிறுநீரகக் கோளாறு?"

"இல்ல."

"ரெண்டு மூணு மாசத்துக்குள்ள நெஞ்சுல அடி கிடி பட்டுச்சா? வண்டியில இருந்து விழுந்தது, எதுலயாவது மோதுனது?"

"அப்படி ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன்.

மனைவி கூரையைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். டாக்டர் ஒரு காகிதத்தில் பரிசோதனைகளை வரிசையாக எழுத ஆரம்பித்தார். நாலாவது வரி எழுதும்போது என் மனைவி பொறுக்க மாட்டாமல் சொன்னாள்.

"டாக்டரம்மா, இவங்கள கெடா முட்டுச்சி."

எனக்கு இருந்த கொஞ்ச மூச்சும் நின்றது. "ஏளா, என்ன ஒளறுத? பாத்ரூம்லல்லா வழுக்குனேன்!"

டாக்டர் பேனாவை வைத்தார். "இப்பத்தான அடியே படலன்னீங்க?"

நான் வசமாக மாட்டிக்கொண்டேன். மனைவி மகளைப் பார்த்து, "அந்தப் படத்தக் காட்டு" என்றாள்.

"உம்மா, வேண்டாம்மா..."

"காட்டுளா! உசுரு போற நேரத்துல என்ன வெக்கம்?"

மகள் போனை எடுத்து நீட்டினாள். அன்றைக்கு அவள் கல்லூரியிலிருந்து சீக்கிரமே வந்து, மொட்டை மாடியில் நின்று தோழிகளுக்கு அனுப்பக் கிடாவைப் படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் படத்துக்குள் நான் அகத்திக்கீரையோடு நுழைந்திருக்கிறேன். என் குரல் கணீரென்று கேட்டது. "வா, வா, பயப்படாத. நான் ஒன்ன ஒண்ணுஞ் செய்ய மாட்டேன்." அடுத்து ஒரு சத்தம். அடுத்து வாளி. அடுத்து, வாளிக்குள் உட்கார்ந்தபடி நான் நாலு திசையும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். மேலே மட்டும் பார்க்கவில்லை.

டாக்டர் முதல் தடவை முகத்தில் ஒன்றும் காட்டாமல் பார்த்தார். இரண்டாம் தடவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மூன்றாம் தடவை, எக்கோ கருவிக்குப் பக்கத்தில் நின்ற உதவியாளர், என் வயசுக்காரர் ஒருவர், அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இங்கன பாருங்க, நெஞ்செலும்புக்கு எடது பக்கம், நேரா." அவர் ரொம்பக் கவனமாகத் தலையாட்டினார். நர்ஸம்மா மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"இத யாரெல்லாம் பாத்துருக்காங்க?" என்று கேட்டார் டாக்டர்.

மகள் தயங்கினாள். "குடும்பத்துல எல்லாரும் மேடம். துபாய்ல இருக்க மாமா, மலேசியால இருக்க மாமி, எல்லாரும். வாப்பாவத் தவுர. அதுக்குன்னு வாட்ஸப்ல ஒரு குழு இருக்கு."

"குழுவா? பேரு?" என்று நான்தான் கேட்டேன்.

"வாப்பாவும் கிடாவும்" என்றாள் மகள், மிகவும் மெல்லிய குரலில்.

ஆக, ஷட்டர் என்று நான் சொன்னபோது மச்சினனுக்கு வந்தது சளி இல்லை. மலேசியாவிலிருந்து மகளின் மாமி இரண்டு வாரமாகப் போனில் என்னிடம் அவ்வளவு அன்பாக நலம் விசாரித்ததும் வேறு காரணத்துக்கு இல்லை. நான் வெட்கப்படக் கூடாது என்று அவர்கள் எல்லாரும் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியாது என்று நான் இருந்திருக்கிறேன்.

"நல்லாருக்கு. கடல் தாண்டியெல்லாம் தெரிஞ்ச விஷயம், டாக்டருக்கு மட்டும் தெரியக் கூடாது" என்றார் டாக்டர். அப்புறம் அவர் குரல் இறங்கியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இதயத்தச் சுத்தி ரெண்டு படலத்துல ஒரு பை இருக்கு."

பை என்றதும் எனக்குப் பேச வந்துவிட்டது. "உள்ளுக்கு லைனிங் வச்ச பை மாதிரியா மேடம்?"

"அப்படியே வச்சுக்கிடுங்க. ரெண்டு துணிக்கும் நடுவுல உரசாம இருக்கக் கொஞ்சம் ஈரம் இருக்கும். ஒங்களுக்கு அடி பட்டது அந்தப் பையில. அன்னைக்கே பெருசா ஒண்ணும் காட்டாம இருக்கலாம். ஆனா சில பேருக்கு வாரக்கணக்குக் கழிச்சி, ஒடம்பே அந்தக் காயத்த எதிரி மாதிரி நெனச்சிச் சண்டைக்குப் போவும். பை புண்ணாகி வீங்கும், காய்ச்சல் வரும், தண்ணி கோக்கும். தண்ணி கூடிப்போச்சுன்னா இதயத்துக்கு விரிய எடம் இருக்காது. ஒங்களுக்கு இப்பம் அந்த நெலமைதான். தண்ணிய எடுத்தாகணும், இப்பமே."

பிறகு எதற்கோ, "குனிஞ்சா நல்லாருந்துச்சோ?" என்று கேட்டார். சஜ்தாவைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அந்த மாதிரிக் குனிஞ்சு இருந்தா வலி கொறையும். இந்த நோய்க்கு அதுவும் ஒரு அடையாளம்." அங்கே நின்ற மனைவி, "நான் அப்பமே சொன்னேன்" என்று முணுமுணுத்தாள்.

ஊசி போடும்போது நான் முழித்துத்தான் இருந்தேன். நெஞ்செலும்புக்குக் கீழே மரத்துப்போக ஒரு ஊசி, அப்புறம் எக்கோ திரையைப் பார்த்துக்கொண்டே நீளமாக இன்னொன்று, அதன் வழியாக ஒரு மெல்லிய குழாய். நன்னாரி சர்பத் நிறத்தில் தண்ணீர் வந்தது. வர வர, நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ ஒவ்வொரு காலாக எடுத்து இறங்குவது மாதிரி இருந்தது. அரை லிட்டருக்கும் மேலே எடுத்தார்கள். முழு மூச்சு ஒன்று அடிவயிறு வரைக்கும் போய்த் திரும்பியது. அத்தனை நாளும் நான் எவ்வளவு குறைவாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நர்ஸம்மா, "வலிக்குதா?" என்றார். "இல்ல, வலிக்கல. அதான்" என்றேன்.

இரண்டு நாள் குழாய் இருந்தது. எடுத்த தண்ணீரைச் சோதித்ததில் காசநோய் இல்லை, வேறு கெடுதலும் இல்லை. அந்த இரண்டாம் நாள் காலையில் மகள் என் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"வாப்பா, நான் அன்னைக்கே ஒங்கள்ட்ட காட்டிருந்தா டாக்டர்ட்ட போயிருப்பீங்கள்லா? சிரிச்சிக்கிட்டே இருந்துட்டேன் வாப்பா."

அவள் அழுதாள். "நான் சொல்லிருக்கணும்மா. நீ என்ன செய்வ?" என்றேன். அழுகை நிற்கவில்லை. வேறு வழியில்லாமல், "என்னையும் அந்தக் குழுவுல சேத்துரு" என்றேன். அழுகையோடு சிரித்துவிட்டாள். உடனே சேர்த்தாள். நான் உள்ளே போன மறுநிமிஷம் துபாய், மலேசியா எல்லாப் பக்கமும் ஒரே அமைதி. கால் மணி நேரம் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. கடைசியில் மச்சினன், 'மச்சானுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்' என்று மட்டும் போட்டான். சாயங்காலம் நேரில் வந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கெடாய ஒங்க வீட்டுல கட்டுனது நான்தான மச்சான்" என்றான். "ஏலே, நீ சொல்லத்தான செஞ்ச, பக்கத்துல போவாதீங்கன்னு" என்றேன். அவனிடம் ஒரு விஷயத்தில் நான் தோற்றதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அதைத் தாங்க முடியவில்லை. வெளியே போய் இளநீர் வாங்கிக்கொண்டு வந்தான்.

மூன்று மாதம் மாத்திரை. வீக்கம் வற்ற ஒன்று, திரும்ப வராமல் இருக்க ஒன்று. இரண்டாவது மாத்திரை வயிற்றைக் கலக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கலக்கியது. நன்றாகத்தானே இருக்கிறோம், நிறுத்திவிடலாமா என்று இரண்டாவது வாரத்தில் கேட்டேன். பாதியில் நிறுத்தினால் தண்ணீர் திரும்பக் கோக்கும் என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பாரம் தூக்கக் கூடாது, படி ஏறி ஓடக் கூடாது. அண்ணாச்சி என் கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். வாயு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் அந்த மூன்று மாதமும் கேட்கவில்லை. அவர் கடைக்கு வருகிறவர்கள் யாராவது நெஞ்சைத் தடவினால் போதும், "போய் ஒரு இ.சி.ஜி. எடும்வே மொதல்ல" என்று விரட்டினார். அடுப்பு பழுது பார்க்க வந்த இரண்டு பேர் உண்மையிலேயே போய் எடுத்துவிட்டு வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை.

ஹஜ்ரத்தை நானே போய்ப் பார்த்தேன். கமிட்டிக்கு என் பெயரை எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. கிடா, தண்ணீர், குனிந்தால் கிடைத்த சுகம் எல்லாவற்றையும் சொல்லி, "அது உருக்கம் இல்ல ஹஜ்ரத், நோவு" என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "நோவு வந்தப்பம் எங்கன போய்க் கெடந்தீங்க? சஜ்தாவுலதான? அப்பம் கணக்குல சேரும்" என்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "அந்தப் படம் எனக்கும் வந்துச்சி" என்றார்.

மூன்றாவது மாதம் கடைசிப் பரிசோதனைக்கு மனைவியும் நானும் போனோம். எக்கோவில் தண்ணீர் சுத்தமாக இல்லை. மல்லாக்கப் படுத்து முழு மூச்சு இழுத்துவிடச் சொன்னார். இழுத்தேன், விட்டேன், வலி இல்லை. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த எழுதிக் கொடுத்துவிட்டு, "வேற ஏதும் சொல்லணுமா? மறைக்காம சொல்லணும்" என்றார் டாக்டர் என்னைப் பார்த்து.

நான் இல்லை என்றேன். அப்போது என் மனைவி மெல்ல, "டாக்டரம்மா, எனக்கு ஒண்ணு கேக்கணும்" என்றாள். "வலது கை மேல தூக்க முடியல. தல சீவ முடியல. நாலஞ்சு மாசமாச்சி."

நான் திரும்பிப் பார்த்தேன். நாலைந்து மாதம். அதே வீட்டில், அதே அடுக்களையில், எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, என் மாத்திரைகளை எண்ணி எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இடது கையால் அவள் தலை சீவியதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கவில்லை.

டாக்டர் அவள் கையைத் தூக்கிப் பார்த்தார். பாதியிலேயே, "அம்மா" என்றாள்.

"இத ஏன் இவ்வளவு நாளு சொல்லல?"

"இவங்களுக்கே இப்படி இருக்கும்போது..."

"ஒங்க வீட்ல ஒரு ஆளுக்குக்கூட வலிச்சா வலிக்குன்னு சொல்லுத பழக்கம் கெடையாதா?" என்றார் டாக்டர். இந்தத் தடவை நர்ஸம்மா சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை. எங்களைப் பார்த்தே சிரித்தார்.

தோள் இறுகிப்போயிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தினமும் பயிற்சி செய்ய வேண்டும் என்று இன்னொரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே சொல்லிக் கொடுத்தபடி, கதவுக்கு மேலே ஒரு சின்ன உருளையை மாட்டி, அதில் கயிறு போட்டு இரண்டு முனையிலும் கைப்பிடி கட்டியிருக்கிறேன். காலையில் அடுக்களை வேலைக்கு முன்னால் அவள் அதற்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து இழுக்கிறாள். நல்ல கை இறங்கினால் வலிக்கிற கை ஏறும். இருபது தடவை. எண்ணுகிற வேலை எனக்கு. பதினைந்துக்கு மேல் போனால் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிடுகிறது.

"இருபது ஆயிட்டுல்லா?" என்கிறாள்.

"பதினாறு."

"நீங்க ஒண்ணு விட்டுட்டீங்க. எனக்குத் தெரியும்."

"சரி, பதினேழு" என்கிறேன். அவள் வலிக்கிறது என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, மறுபடியும் இழுக்கிறாள்.